வண்டக்காவின் ஒரே ஆண்

வண்டக்கா ஏன் எப்போதும் மூச்சைத் தோளுக்குப் பின்னால் திரும்பி விடுகிறார்? முதல் தடவை பார்த்தபோது எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து அரை நிமிடம் சிலை மாதிரி இருக்கிறார். பிறகு யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பி, 'புஸ்' என்று காற்றை விடுகிறார். மறுபடியும் குனிகிறார். ரத்தம் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஆஸ்துமா என்கிறார். இன்னொருவர், "மூச்சுப் பயிற்சிங்க, டிவியில காட்றாங்கல்ல" என்கிறார். உண்மை வேறு. அவருக்குக் கீழே ஒரு சிறிய அட்டைத் துண்டின் மேல் மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வண்டு இருக்கிறது. நேராக மூச்சு விட்டால் பறந்துவிடும். செத்து நாலு வருஷமான வண்டு பறந்து போய்விட்டது என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

அவருக்கு வேலை ஒரு பரிசோதனை நிலையத்தில். எல்லாரும் அதை லேப் என்றுதான் சொல்வார்கள். முன்னறையில் ஆறு நாற்காலி, ஒரு மேசை, ஒரு டெலிபோன். உள்ளறையில் தொட்டி, குளிர்பெட்டி, மைக்ராஸ்கோப். காலை ஏழு மணி முதல் மதியம் ஒரு மணி வரை அவர் முன்னால் வருவதெல்லாம் ஊராரின் ரத்தம், சிறுநீர், சளி, மலம். ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம். வண்டக்கா பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மீதி ஐம்பது நிமிடத்தை வண்டுக்குக் கொடுக்கிறார். "என்னம்மா, சாப்ட கையோட பூச்சியத் தொடறீங்க?" என்று ஒரு நோயாளி முகத்தைச் சுளித்தாராம். "இன்னிக்குக் காலைலேர்ந்து நான் தொட்டதுலயே சுத்தமானது இதுதாங்க. உங்களுதையும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார் வண்டக்கா.

அவர் பின்னால் போவது எல்லா வண்டும் இல்லை. ஒரே ஒரு குடும்பம். மற்ற வண்டுகளுக்கு முதுகு முழுவதும் ஓடு மூடியிருக்கும். இந்தக் குடும்பத்துக்கு ஓடு பாதி முதுகோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எல்லாம் வெட்டவெளி. "கோட்டுப் போட்டவன் கால்சட்டை போட மறந்துட்டு ஆபீசுக்குப் போன மாதிரி" என்று அவர் விளக்குவார். தொட்டால் வாலைத் தேள் மாதிரித் தூக்கிக் காட்டும். தேளுக்காவது கொடுக்கு உண்டு. வண்டக்காவின் ஆட்களிடம் அதுவும் கிடையாது, வெறும் சவடால். அழுகிய சருகு, சாணம், காளான், செத்த எலி என்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் இடத்தில்தான் அவற்றுக்குக் குடித்தனம். இதுவரை பெயர் வைத்தவை மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேல். அறுபதாயிரமும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே ஜாடை.

அப்படியானால் ஒரு வண்டு புதுசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில்தான் வண்டக்காவைக் கேள்வி கேட்டவர்கள் ஏன் கேட்டோம் என்று நினைப்பார்கள். ஆண் வண்டின் வயிற்றுக்குள் மடக்கி வைத்திருக்கும் உறுப்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் அதன் வடிவம் வேறு. முகத்தைப் பார்த்து ஏமாறலாம். அதைப் பார்த்து ஏமாற முடியாது. வண்டக்கா இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் வழக்கம் இல்லாதவர். பேருந்தில் சொல்வார், மகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் சொல்வார். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா "பொழுது எப்படிப் போகுது?" என்று மரியாதைக்குக் கேட்டதற்கு, கைவிரலை வளைத்துக் காட்டி விளக்கமாகச் சொன்னார். அதன் பிறகு நாத்தனார் வீட்டிலிருந்து பத்திரிகை கணவர் பெயருக்கு மட்டும் வருகிறது.

கணவர் லிப்ட் மெக்கானிக். அடர்த்தியான புருவம் உள்ளவர். அதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த அளவுச் சின்னப் பொருளை ஊசியால் நகர்த்தினால் உடையும். தீக்குச்சி நுனியில் ஒற்றைப் புருவ முடியை ஒட்டி, அதைக்கொண்டு தள்ள வேண்டும். வண்டக்காவின் சொந்தப் புருவம் மெலிசு. எனவே ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் அசந்து தூங்கும்போது இடுக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்து, தரமான முடியாகப் பார்த்துப் பிடுங்குவார். "இருபது வருஷமா என்னால ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொல்லிட்டிருந்தா. இப்ப புருவத்துக்காகவாவது வச்சிருக்கா" என்பார் அவர். அவரது இடது புருவம் வலது புருவத்தைவிடக் கொஞ்சம் இளைத்திருப்பதை அருகில் போனால் பார்க்கலாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், லேபின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சருகுக் குவியல் இருந்தது. விடாமல் மழை பெய்த ஒரு வாரம், வண்டக்கா வீட்டு மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து அதைச் சலித்தார். ஏழு வண்டுகள் கிடைத்தன. தலை கறுப்பு, முதுகு ஓடு துருப்பிடித்த நிறம், உணர்கொம்பின் கடைசி இரண்டு கணு மட்டும் வெள்ளை. அவரிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. வெகுதூரத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இந்தக் குடும்பத்தையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர் படங்கள் அனுப்பினார், பழைய கட்டுரைகள் அனுப்பினார். ஒப்பிட்டுப் பார்க்கவே இரண்டு வருஷம் போயிற்று. கடைசியில் பேராசிரியர் தொலைபேசியில், "புதுசு மாதிரிதாம்மா இருக்கு. ஆணப் பாத்தாத்தான் முடிவாச் சொல்லலாம்" என்றார்.

ஏழில் ஆறு பெண். ஆண் ஒன்றே ஒன்று.

"அப்ப இன்னும் ரெண்டு பிடிங்க" என்றார் பேராசிரியர், கடையில் போய் வாங்கி வரச் சொல்வதுபோல. வண்டக்கா சல்லடையோடு போனபோது பின்பக்கத்தில் சிமெண்ட் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி நிறுத்த இடம் போடுகிறார்கள். அவர் ஓடிப்போய் லேபின் சொந்தக்காரரான டாக்டரம்மாவிடம், தொட்டிக்குப் பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மண்ணாக விடச் சொல்லிக் கேட்டார். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வண்டி நிறுத்த எடமில்லன்னு ஜனங்க அடுத்த லேபுக்குப் போறாங்க. உன் வண்டு வந்து ரத்தம் குடுக்குமா?" சாயங்காலத்துக்குள் குவியல் இருந்த இடம் வழவழப்பாகிவிட்டது. அந்த வண்டு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மழைக்காலம் வண்டக்கா ஊர் முழுக்கச் சலித்தார். எலும்பு கிடைத்தது, ஒரு வெள்ளிக் கொலுசு கிடைத்தது. வண்டு கிடைக்கவில்லை.

அந்த ஒற்றை ஆணை அறுக்க அவருக்கு மனம் வரவே இல்லை. "கை நடுங்கினா வம்சமே போச்சு" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பேராசிரியர் கூப்பிட்டார். அவரது பெரிய புத்தகம் அச்சுக்குப் போகிறது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆணோட படம் வந்தா, நீங்க வச்ச பேரோட, நீங்க எழுதினதாவே அது உள்ள வரும். வரலேன்னா 'பெயரிடாதது'ன்னு ஒரு எண்ணப் போட்டு முடிச்சுடுவேன்."

"அடுத்த பதிப்புல, சார்?"

"எனக்கு அறுபத்தொம்பது வயசும்மா. ஒங்களுக்கு ரொம்ப நம்பிக்கை."

பெயர் ஏற்கனவே தயாராக இருந்தது. லத்தீனில் 'தொட்டிக்குப் பின்னால் இருப்பது' என்று பொருள். இதில் கணவருக்கு மனத்தாங்கல். புது வண்டுக்கு வேண்டியவர்களின் பெயரை வைப்பது உண்டு என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். "புருவத்தக் குடுத்தவன் நானு. மரியாதை தண்ணித் தொட்டிக்கு" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு வண்டக்கா சாப்பாட்டைத் திறக்காமல் வேலையில் இறங்கினார். ஆணை வெந்நீரில் ஊறவைத்து இளக்கி, வால் நுனியை ஊசியால் விலக்கி, உறுப்பை வெளியே எடுத்தார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கிளிசரின் விட்டு, அதில் அதை மிதக்கவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடினார். குறைந்த பெருக்கத்தில் ஒரு தடவை பார்த்தார். நடுவில் ஒரு குடம், இரண்டு பக்கமும் இரண்டு கைகள். அறுபதாயிரத்தில் எதிலும் அவர் பார்க்காத கைகள். பென்சிலைத் தேடித் திரும்பினார். அதே சமயம் முன்னறையில் அரிசி மூட்டை விழுந்தது மாதிரிச் சத்தம் கேட்டது.

விழுந்தவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். தோள் அகலம் கதவுக்குச் சமம். ரத்தம் கொடுக்கச் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தவர், மேசையில் இருந்த ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். அவர் காலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வண்டக்கா தகட்டைக் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிட்டு ஓடினார்.

இதில்தான் தப்பு நடந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மீறாத சட்டம் ஒன்று உண்டு: தன் பொருள் தன் டிபன் பாக்ஸ் மூடியில், லேபின் பொருள் லேபின் தட்டில். இடது தட்டு இனிமேல் பார்க்க வேண்டிய தகடுகளுக்கு, வலது தட்டு பார்த்து முடித்தவற்றுக்கு. அன்றைக்கு அவர் வைத்தது இடது தட்டில் காலியாக இருந்த ஆறாவது வரிசைப் பள்ளத்தில். அந்தப் பள்ளத்துக்கு உரிய தகடு சில்லு மூடக் காத்து மேசையிலேயே கிடந்தது. அது ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரின் மலம்.

லேபில் இன்னொரு டெக்னீஷியன் இருக்கிறார். தொப்பையும் சுறுசுறுப்பும் ஒன்றாகச் சேர்ந்தவர். மதியத்துக்குள் நாற்பது தகடு பார்ப்பதால் அவருக்கு ஸ்பீடு என்று பெயர். அவர் தகட்டின் எண்ணைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்ப்பார். வண்டக்கா பத்து நிமிடம் உடற்பயிற்சி ஆசிரியரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வீட்டிலிருந்து ஆளை வரவழைத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது, மணி இரண்டேகால். இடது தட்டு காலி.

"எல்லாம் முடிச்சுட்டேன்கா" என்றார் ஸ்பீடு. "தபால்காரரு ரிப்போர்ட்டு வாங்க ஒக்காந்திருந்தாரு, குடுத்து அனுப்பிட்டேன். கடைசில மாட்டிச்சு பாத்தீங்களா, பதினாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. நடுவுல குடம் மாதிரி, ரெண்டு பக்கமும் கை. 'ஒட்டுண்ணி உள்ளது, இனம் தெரியவில்லை'ன்னு எழுதிட்டேன்."

வண்டக்கா இரண்டு தட்டையும் புரட்டிப் பார்த்தார். "தகடு எங்கப்பா?"

"பாத்த தகடு எங்க போகும்? வாளிக்குள்ள."

உள்ளறையில் கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி உண்டு. ப்ளீச்சிங் கரைத்த தண்ணீர். பார்த்து முடித்த தகடுகள் கிருமி சாக அதில் போய் விழும். ஸ்பீடு முகத்தில் மெதுவாக விஷயம் ஏறியது. "அக்கா, அது புழு இல்லையா?"

"இல்ல."

"அப்ப என்னது?"

சொன்னார். ஸ்பீடு உட்கார்ந்தார். "பதினாறு வருஷம்" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

இந்தப் பக்கம் வாளி, அந்தப் பக்கம் டெலிபோன். ஒவ்வொரு நிமிடமும் ப்ளீச்சிங் கிளிசரினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். தபால்காரர் எந்த நிமிடமும் பூச்சி மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார். அந்தக் கிழவருக்கு ஈரலில் ஏற்கனவே கோளாறு என்பது வண்டக்காவுக்குத் தெரியும்; அந்த ரிப்போர்ட்டையும் எழுதியவர் அவர்தான். "நான் வேணா பேசவாக்கா?" என்றார் ஸ்பீடு. "நீ பேசினா இன்னொரு புழு வந்துடும். வாளிய மட்டும் தொடாத" என்றுவிட்டு வண்டக்கா டெலிபோனை எடுத்தார். அதன் ஒயர் உள்ளறைக் கதவு வரைக்கும்தான் எட்டும். அங்கிருந்து வாளியைப் பார்க்கலாம், தொட முடியாது.

"ஐயா, லேபுலேர்ந்து பேசறேன். மாத்திரை போட்டுட்டீங்களா?"

"யாரு, வலிக்காம குத்துவாங்களே, அந்தம்மாவா? வர்ற வழியிலயே டாக்டர்ட்ட காட்டி எழுதி வாங்கிட்டேன்மா. சாப்பாட்டுக்கு அப்பறம் ரெண்டு போடச் சொன்னாரு. இப்பத்தான் எல வக்கிறாங்க."

"போடாதீங்க. ரிப்போர்ட்டு தப்பாயிடுச்சு."

மறுமுனையில் இலை நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். "எட்டு வருஷம்மா. எட்டு வருஷமா வயித்துல என்னமோ ஊருதுன்னு சொல்றேன். ஸ்கேன்ல இல்லங்கறான், எக்ஸ்ரேல இல்லங்கறான். 'மாமாவுக்கு வயித்துல ஊரல, மனசுல ஊருது'ன்னு என் மருமக சொல்றா. இன்னிக்கித்தான் காயிதத்துல வந்திருக்கு. ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண அவ கையில குடுத்துட்டேன். இன்னொண்ண ஃபிரிட்ஜ் மேல ஒட்டியாச்சு. இப்ப வந்து தப்புன்னா?"

"தப்புதாங்க."

"இனம் தெரியலன்னு வேற போட்டிருக்கு. சாதாரணமானதா இருந்தா தெரிஞ்சிருக்குமே."

"அது புழுவே இல்லங்க. வண்டு. என்னோட வண்டு."

"உங்க வண்டு என் வயித்துக்குள்ள எப்படிம்மா வந்துச்சு?"

"உங்க வயித்துக்குள்ள வரல. தட்டுல எடம் மாறிடுச்சு. வச்சது நான்தான்."

"முழு வண்டா?"

வண்டக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லங்க. ஒரு பாகம்."

"எந்தப் பாகம்?"

அதையும் சொன்னார். "ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன்மா" என்றார் தபால்காரர், மிகவும் தாழ்ந்த குரலில். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. எந்தெந்த டாக்டர் என்னென்ன சொன்னார் என்று தேதி வாரியாகச் சொன்னார். வண்டக்கா ஒரு கையால் அவருடைய உண்மையான தகட்டை ஸ்பீடிடம் காட்டி, பார்க்கச் சொல்லி, சைகையில் பதில் வாங்கி, "உங்களுத இப்பப் பாத்தாச்சுங்க. ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார். "சுத்தமா" என்று அவர் திருப்பிச் சொன்ன விதம், மரணச் செய்தி கேட்டவர் சொல்வது மாதிரி இருந்தது. மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லும் வரை வண்டக்கா டெலிபோனை வைக்கவில்லை. சுவர்க் கடிகாரப்படி அது இருபத்தாறு நிமிடம்.

பிறகுதான் வாளி. மேல் தண்ணீரைத் துணியில் வடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி, கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தகடாக எடுத்தார். காலையிலிருந்து விழுந்தவை அறுபத்துமூன்று. நாலு மணிக்குக் கணவர் அழைத்துப் போக வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல், லிப்டுக் குழியில் இறங்கும்போது பிடிக்கும் டார்ச்சை எடுத்துவந்து பிடித்தார். ஐம்பத்தோராவது தகட்டில் எண் இல்லை. சில்லு ஒரு மூலைக்கு நகர்ந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு துரும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ப்ளீச்சிங் அழுக்கையெல்லாம் தின்றுவிட்டு, குடத்தையும் கைகளையும் கண்ணாடி மாதிரி விட்டுவைத்திருந்தது. எந்த மருந்தில் கழுவினாலும் அவ்வளவு தெளிவு வராது.

"கெடச்சுடுச்சா?" என்றார் கணவர்.

"கெடச்சுடுச்சு. வலது கை நுனி ஒடஞ்சிருக்கு."

வடித்த துணியை இருட்டும் வரை துழாவினார்கள். நுனி கிடைக்கவில்லை. "டெலிபோனுக்கு முன்னாடி வாளியப் பாத்திருந்தா தப்பிச்சிருக்குமோ?" என்று கணவர் கேட்டார். "தெரியாது" என்றார் வண்டக்கா. அதை அவர்கள் மறுபடி பேசவில்லை.

புதன்கிழமை காலை, திருத்திய ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க டாக்டரம்மா அறைக்குப் போனார். போனதும் நடந்ததை நடந்தபடி சொன்னார். டாக்டரம்மா பேனாவை மூடினார். "என் மைக்ராஸ்கோப்புல, என் தட்டுல, என் பேரு போட்ட காயிதத்துல, ஒரு பூச்சியோட அது. இனிமே அந்த மைக்ராஸ்கோப்புப் பக்கம் உன் வண்டோட வந்தே, தெரியும் சேதி." வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. படம் ஒரு கோடுகூடப் போடவில்லை. வேறு மைக்ராஸ்கோப் அவருக்கு எங்கும் கிடையாது. வண்டக்கா வாதாடவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கப் போய்விட்டார்.

பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தார். சலவை செய்த சட்டை, கையில் ஃபிரிட்ஜிலிருந்து உரித்த காகிதம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேராக டாக்டரம்மாவிடம் போய், "எனக்குள்ள இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுத்தத நான் பாக்கணும். ஒரு நாளாவது அது என் பேர்ல இருந்துச்சில்ல" என்றார். அவர் வழக்குப் போடவில்லையே என்ற நிம்மதியில் டாக்டரம்மா, "காட்டு" என்று வண்டக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். தபால்காரர் குனிந்து ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. "இவ்வளவு வேலைப்பாடாம்மா?" என்றார். பிறகு கைப்பையை எடுத்து மடியை மறைத்தாற்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன அப்படி வேலைப்பாடு?" என்று டாக்டரம்மாவும் குனிந்தார். அவர் நிமிர இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும். அதுக்கப்பறம் ரெண்டு காலுக்கு மேல இருக்கறது எதுவும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

வியாழக்கிழமை மதியம் பென்சில் வேலை முடிந்தது. மை போடுவதற்கு முன் வண்டக்கா பேராசிரியரைக் கூப்பிட்டார்.

"இடது கை முழுசா இருக்கில்ல? அதையே திருப்பி வலது பக்கம் போட்டுடுங்க" என்றார் பேராசிரியர். "இந்த வகையில ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தாம்மா இருக்கும்."

"உங்க புத்தகத்துல ஆறாம் எண் வண்டுக்கு ஒண்ணா இல்லையே, சார். நீங்களே எழுதியிருக்கீங்க."

"அது ஒண்ணுதான் அப்படி."

"இது ரெண்டாவதா இருந்துட்டா?"

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "ஒடையறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு?"

"லேசா உள்பக்கம் வளைஞ்ச மாதிரி நெனப்பு."

"அப்ப அதையே போடுங்க."

"நெனப்புத்தான சார் அது. நெனப்ப எப்படி வரையறது?"

"அம்மா, அரகொறப் படத்தப் பாத்தா நாலு பேரு சிரிப்பாங்க. என் புத்தகத்துல இதுவரைக்கும் ஒரு படம்கூட அப்படி இல்ல. ஓட்டையோட அனுப்பினா நான் சேப்பேனா மாட்டேனான்னு இப்பச் சொல்ல முடியாது. யோசிச்சு அனுப்புங்க."

போனை வைத்ததும் ஸ்பீடு, "ஒரு நூல் நீளம்தானேக்கா. யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறா?" என்றார். கேட்டு முடித்தபின் தாம் நிற்பது மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் என்பது அவருக்கே உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். வெளியே டாக்டரம்மா யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரம் முடிய எட்டு நிமிடம்.

வண்டக்கா மைப் பேனாவை எடுத்தார். குடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். இடது கையை அடியிலிருந்து நுனி வரை, அதன் மூன்று முடிகளோடு வரைந்தார். வலது கையின் அடியில் பேனாவை வைத்து மேலே இழுத்துக்கொண்டு போனார். உடைந்த இடம் வந்தது. பேனா நின்றது. அவர் அதைத் தூக்கி, மூடியைத் திருகி, வெள்ளைக் கோட்டுப் பைக்குள் குத்திக்கொண்டார்.

புத்தகம் வந்துவிட்டது. படத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. அடியில் பெயரும் இருக்கிறது. ஆனாலும் வலது நுனி எப்படி இருக்கும் என்று உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. கணவர் போகிற கட்டடத்தில் எல்லாம், "எங்க வீட்டம்மாவுக்கு ஒரு ஆண் வேணும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். லிப்டில் ஏறியவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுகிறார்களாம். அவர் ஒருவர் சொல்லித் தீராது. உங்கள் வீட்டுப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில், நனைந்த சருகு கிடந்தால் கிளறிப் பாருங்கள். கறுப்புத் தலை, துரு நிறம், கொம்பு நுனியில் வெள்ளை. கிளற நேரமில்லாதவர்கள் இந்தக் கதையையாவது நேரமிருக்கிற இன்னொருவரிடம் சொல்லுங்கள்.